இருபத்துமூன்றாம் பாத்தி

விழுந்த கோதுமையை அறுப்பது விழுந்துகிடக்கும் ஆளைத் தூக்குகிற மாதிரிதான், எங்கே கையைக் கொடுப்பதென்று முதலில் பிடிபடாது. மருதை இருபத்துமூன்றாம் பாத்தியின் ஓரத்தில் குந்தி, இடது கையால் ஒரு பிடித் தாளைக் கோதி நிமிர்த்தி, அடியில் அரிவாளைக் கொடுத்து இழுத்தான். நிமிர்த்தின தாள் மறுபடியும் அவன் முழங்கை மேலேயே சாய்ந்தது. சாயட்டும். மணி ஒன்றரை இருக்கும். மூன்று மணிக்கு ஜீப் வரும். ஜீப்பில் ஆராய்ச்சிப் பண்ணையின் பெரியய்யா வருவார், வந்து இந்தச் சரிவில் நாலு மாசமாக நின்ற நாற்பத்தெட்டுப் பாத்தியையும் ஒரே கையெழுத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். தள்ளச் சொன்னதே அந்தப் பிள்ளைதான், இந்தச் சோதனையைப் போட்டிருக்கிற ஹசீனா. காலையில் கொட்டகை வாசலில் நின்று அவள் போனில் பேசினது மருதையின் காதில் விழுந்தது. "ஆமா சார், உரம் கட்டினது நான்தான் சார். என் கைதான் மாறிப்போயிருக்கணும். ஒரு பொட்டலம் மாறினா மத்த பொட்டலத்தையும் எப்படி சார் நம்புறது?" என்றாள். குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் கை மாறவில்லை. மாறினது இந்தக் கை, இப்போது அரிவாள் பிடித்திருக்கிற இதே வலது கை, இது இந்த மலையில் மருதைக்கு மட்டும்தான் தெரியும். கூடப்பிறந்த பூவாயி அக்காவுக்கும் தெரியும். ஆனால் அக்கா இருப்பது கோத்தகிரிப் பக்கம், மூணு மணிக்குள் அவள் வந்து அவனுக்காகப் பேசப்போவதில்லை.

நாலு ரகம். பெயரெல்லாம் நம்பரும் எழுத்துமாக இங்கிலீசில் இருக்கும், அது வேலை செய்கிறவர்களுக்கு வாயில் நுழையாது, அதனால் பெள்ளியக்காதான் முதல் வாரமே பெயர் வைத்துவிட்டாள்: குட்டையன், மொட்டை, மீசை, நெட்டையன். நெட்டையன்தான் பழைய சம்பா கோதுமை, இந்த மலையில் யார் யாரோ எப்போதிருந்தோ விதைத்தது, மார்பு உயரம் வரும். ஒவ்வொரு ரகத்துக்கும் நாலு விதமாகத் தழைச்சத்து, எக்டேருக்கு இத்தனை கிலோ என்று: ஒன்றுமில்லை, நாற்பது, எண்பது, நூற்றிருபது. அதையே மூணு தரம் திரும்பப் போட்டிருக்கிறார்கள், ஒரு இடத்து மண்ணை மட்டும் நம்பக் கூடாதாம். குட்டையன் போடப் போட வாங்கிக்கொள்வான், நூற்றிருபது போட்ட பாத்தியில் தூர் வெடித்து, கதிர் கொத்துக்கொத்தாக வந்து, என்ன காற்றடித்தாலும் போலீஸ்காரன் மாதிரி விறைத்து நிற்பான். மொட்டைக்கு எண்பது வரை சந்தோஷம், அதற்கு மேலே போட்டால் இலைதான், இலையில் காவி காவியாகத் துரு நோய். மீசை அவசரப்படமாட்டாள், மெள்ள மெள்ள ஏறுவாள், ஆனால் கொடுத்ததெல்லாம் மணிக்குள்ளே போய்க் கண்ணாடியாய்க் கடினமாய் இறுகிவிடும், பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று சத்தம் வரும். நெட்டையன் பாவம். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் தன்னால் ஆனதைக் கொடுப்பான், மஞ்சளாய், ஒல்லியாய், ஒரு புகாரும் இல்லாமல். கொடுத்தாலோ சந்தோஷத்தில் விறுவிறுவென்று வளர்ந்துவிடுவான், அப்புறம் தன் கனத்தைத் தானே தாங்கமாட்டாமல் ஒரு மழைக்குப் படுத்துவிடுவான். இதோ படுத்திருக்கிறான். மாசிக் கடைசியில் பெய்த மழையில், ஒன்றுமே கொடுக்காத பாத்தி, கரும்பச்சையாய் வளர்ந்து, படுத்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் ஹசீனா நின்றாள். ஒன்றுமே தின்னாதவன் எப்படி இப்படி விழுவான் என்று.

"என்ன மருதை, அறுக்கிறியா, இல்ல அதுக்குத் தலை சீவி விடுறியா?" மேலே பதினேழாம் பாத்தியிலிருந்து பெள்ளியக்கா கத்தினாள். அவள் கட்டின வெள்ளைத் துண்டு மட்டும் தெரிந்தது, மஞ்சு இறங்க ஆரம்பித்திருந்தது.

"விழுந்து கெடக்குது அக்கா. வாரித்தான் எடுக்கணும்."

"வாரு வாரு. சடை போட்டுப் பூவும் வச்சு அனுப்பு. அந்த முஸ்லிம் பொண்ணு காலையிலிருந்து சாப்பிடல, தெரியுமா? டப்பாவத் தொறக்கவே இல்ல. பேப்பர் பொறுக்கிட்டே இருக்கு."

தெரியும். அறுவடை வரைக்கும் காலிப் பொட்டலங்களைக்கூட எறியமாட்டாள் அவள், ஒவ்வொன்றிலும் பாத்தி நம்பர் எழுதி ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தாள். இப்போது அதையெல்லாம் கொட்டகைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக விரித்து, உள்ளே விரலை விட்டுத் தடவி, ஏதாவது வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள். நாலு மாசத்துக்கு முந்தின பொட்டலத்தில். இருபத்துமூன்று என்று எழுதின பொட்டலத்தில் அவளுக்கு என்ன கிடைக்கும்? மணல். மணல்தான் இருந்தது அதில். சின்னப் பாத்திக்கு யூரியாவை அப்படியே வீசினால் ஒரு இடத்தில் விழுந்து ஒரு இடத்தில் விழாது, அதனால் காய்ந்த மணலில் கலந்து கட்டுவார்கள். ஒன்றுமில்லாத பாத்திக்கும் பொட்டலம் உண்டு, வெறும் மணல், அதையும் அதே மாதிரி நடந்து அதே மாதிரி வீச வேண்டும், எல்லாப் பாத்தியிலும் ஒரே கால் ஒரே கை பட வேண்டுமாம். பொட்டலத்தின் மேலே நம்பர்தான் இருக்கும், எதில் எவ்வளவு என்று வீசுகிறவனுக்குத் தெரியக் கூடாது. ஆனால் அவனுக்குத் தெரியும். பனி ஈரக் கையில் யூரியா பட்டால் ஐஸ் மாதிரிக் குளிரும், உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் குளிர் ஏறும். மணல் குளிராது. மணல் சும்மா இருக்கும். பன்னிரண்டு பாத்தியில் கை சும்மா இருந்தது. யாருக்கு ஒன்றுமில்லை என்று கை சொல்லிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கு இதைச் சொல்ல ஒரு கையே போதுமென்று ஹசீனாவுக்கு எப்படித் தெரியும், அவள் ஊர் கடையநல்லூர், அங்கே காலையில் கை இப்படியா விறைக்கும்.

அப்படியும் அவன் ஒன்றும் செய்திருக்கமாட்டான். மணலை வீசினான், நடந்தான், அடுத்தது. ஆனால் வழியோரத்தில் இருந்தது இந்தப் பாத்தி. சாப்பாட்டுத் தூக்கை அவன் வைக்கிற கல்லுக்கு எதிரே. தினமும் மத்தியானம் அவன் மூடியைத் திறந்து பிசைந்து தின்னும்போது எதிரே அது மஞ்சளாக நிற்கும், பக்கத்திலே குட்டையன் மினுமினுவென்று கொழுத்து நிற்பான். ஒருநாள் அவன் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான். மறுநாளும். மூணாம் நாள், 'சே, இதென்ன, புல்லுக்குப் பயந்து புறமுதுகு காட்டிச் சாப்பிடுகிறேனே' என்று சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் இப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டது இது முதல் தடவை இல்லை. சிலோனில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், பஞ்சம் வந்த வருஷம், அரிசியைக் கண்ணில் காணவில்லை, கூப்பனுக்குக் கோதுமை மாவும் பாதியாகக் குறைந்துபோய், அம்மா தகரத்தில் ஒரு ரொட்டி சுடுவாள், உள்ளங்கை கனத்தில், தேங்காய் இல்லாமல், உப்பு மட்டும் போட்டு. அவனுக்கு ஐந்து வயசு, வயிறு பானையும் கால் குச்சியுமாக இருந்தான். ரொட்டி அவனுக்கு. அக்காவுக்குச் சாயத்தண்ணி, பாலில்லாத வெறும் தேத்தண்ணி. அக்காவுக்கு எட்டு வயசு. அவள் அவனைப் பார்க்கமாட்டாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள், எரிகிற விறகை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுவாள், தள்ளத் தேவையே இருக்காது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பித் தின்பான். சுவரில் புகை படிந்து ஒரு யானை மாதிரி இருக்கும், அதைப் பார்த்தபடி. யாரோ கேட்டார்கள், அடுத்த வீட்டுக் காம்பராக் கிழவியோ யாரோ, பொட்டப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லையா என்று. அம்மா சொன்னாள், "அவ தாங்குவா."

அதே வார்த்தைதான். மார்கழியில் ஒரு சாயங்காலம் ஹசீனா இந்தப் பாத்தி முன்னால் நின்று கயிறு பிடித்து உயரம் அளந்தாள். "ரொம்ப வாடுதும்மா இது" என்றான் மருதை. சும்மா சொல்கிற மாதிரி. "இது தாங்கும்ண்ணே, பழைய ரகம்ல. ஒண்ணுமே போடலேன்னாலும் மண்ணுலருந்து எதையாவது எடுத்துக்கும். இந்தச் சும்மா விட்ட பாத்திதான் எனக்கு முக்கியம், மண்ணு தானா என்ன கொடுக்குதுன்னு இது சொன்னாத்தான் மத்ததெல்லாம் என்னன்னு தெரியும்" என்றாள். நல்ல பிள்ளை, எதைக் கேட்டாலும் நின்று பதில் சொல்லும். அவளிடம் தப்பில்லை. அவள் சொன்னது முழுக்க அவனுக்குப் புரியவும் செய்தது. ஆனால் முதல் வார்த்தையிலேயே அவன் காது நின்றுவிட்டது. அவள் இறங்கிப் போனபின் கொட்டகைக்குள் போய், அவிழ்த்த மூட்டையின் அடியில் கிடந்ததில் ஒரு கை அள்ளினான். கை ஜில்லென்றது. வந்து வீசினான். யாரும் பார்க்கவில்லை, வீசும்போது அவன்கூடப் பார்க்கவில்லை, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு வீசினான். பத்து நாள் கழித்து இன்னொரு கை. பொங்கல் கழித்து ஒரு கை. மூணு கை. மற்ற பதினோரு பாத்தி? அதுவும் அவன் யோசித்ததுதான், அவை மேலே கிடந்தன, தூக்கு வைக்கிற கல்லுக்குத் தூரமாக. கண்ணுக்கு முன்னால் இருந்ததற்குப் போட்டான், காணாததை விட்டான். இதுவா இரக்கம்? அம்மா செய்ததும் இதுதானே, எந்தப் பிள்ளை கண் முன்னால் சாகிற மாதிரி இருந்ததோ அதற்குப் போட்டாள். அம்மாவை இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்து வைதிருக்கிறானே.

அரிவாள் ஒரு கல்லில் பட்டுத் தீனமாக ஒரு சத்தம் போட்டது. பாதிப் பாத்தி முடிந்திருந்தது. விழுந்த தாளின் அடியில் ஈரம் தேங்கிப் புளித்த வாசனை, சில கதிர்கள் தரையோடு கிடந்து முளைக்கத் தொடங்கியிருந்தன, வெள்ளையாய்ச் சின்ன வேர்கள். கொடுத்துக் கெடுத்தேன். அவன் ரொட்டி தின்று ஆறடி வளர்ந்தான். கப்பலேறி இந்தக் கரைக்கு வந்து இந்த மலையில் தேயிலைக்கு வந்தபோது, 'யாருடா இது, பந்தக்கால்' என்று கேலி பேசுவார்கள். அக்கா அவன் நெஞ்சுக்குத்தான் வருவாள், அதற்குமேல் வளரவேயில்லை. பெண்டாட்டி பாக்கியம் செத்த பிறகு ரெண்டு வருஷம் அவன் பாட்டிலும் கையுமாக ரோட்டோரம் கிடந்தபோது, அந்தக் குள்ளச்சிதான் ரெண்டு பஸ் மாறி வந்து, அவன் கக்கத்துக்குள் தலையைக் கொடுத்து நிமிர்த்தி, "எந்திரிடா பந்தக்கால், எந்திரி, எனக்கு மூச்சு முட்டுது" என்று வீடு வரைக்கும் கொண்டுபோனாள். ஒரு நாள் இல்லை. ரெண்டு வருஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான் இதைச் சொன்னான். சொல்ல வேண்டுமென்று போகவில்லை. அவள் முற்றத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நார் எடுத்துக்கொண்டிருந்தாள், இவன் பாத்தி படுத்துப்போனதைச் சொல்லப்போய், மூணு கையும் வெளியே வந்துவிட்டது, சாயத்தண்ணியும் வந்துவிட்டது. ஐம்பது வருஷத்தில் முதல் தடவை. அக்கா அவனையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். புரையேறிக் கண்ணில் தண்ணி வந்து, பீன்ஸ் முறம் மடியிலிருந்து சரிகிற அளவுக்குச் சிரிப்பு.

"அட லூசு. எனக்குப் போடாத ரொட்டியக் கோதுமைக்கா போட்ட?"

"சிரிக்காத அக்கா."

"வேற என்னடா செய்ய? எனக்கு ஒண்ணுமில்லேன்னு யாரு சொன்னா ஒனக்கு? கணக்கப்பிள்ளை சம்சாரம் வடிச்ச கஞ்சியில உப்புப் போட்டு வைப்பா. தண்ணி தூக்கப் போறேன்னு போயிக் குடிச்சிட்டு வருவேன். சில நாளு சோறும் கெடக்கும் அடியில. ஒனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது."

"நெஜமாவா?"

"பின்ன? நீ பாக்காததெல்லாம் நடக்கலேன்னு நெனச்சிக்கிட்டியா?" நார் ஒன்றைச் சுண்டி அவன் மேல் எறிந்தாள். "அந்தப் பொண்ணு கிட்டப் போயிச் சொல்லிரு. அது என்ன பாவம் பண்ணிச்சு."

சொல்லிரு என்று லேசாகச் சொல்லிவிட்டாள். அவன் பஸ்ஸில் வரும்போது அதை நினைக்கவில்லை, கஞ்சியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தான். இத்தனை வருஷம் ஒரு பாத்தியை வெறும் மணல் என்று நினைத்து அழுதிருக்கிறான், அதில் யாரோ ஒரு புண்ணியவதி ஒளித்து ஒளித்து ஊற்றியிருக்கிறாள். அப்படியானால் அக்கா ஏன் வளரவில்லை? கணக்கப்பிள்ளை சம்சாரமா? அந்தம்மா வாசலில் பிள்ளைகள் நின்றாலே தண்ணியை ஊற்றி விரட்டுகிறவள் என்றுதானே அவனுக்கு ஞாபகம். அவனுக்கு ஐந்து வயசு, ஞாபகத்தை நம்ப முடியாது. அக்கா சொன்னது நிஜமாக இருக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பொய்யும் ஒரு கை யூரியா, எதிரே ஒருத்தன் மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறானே என்று, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு வீசினது. இனி அது அவனுக்குத் தெரியப்போவதில்லை. கேட்டாலும் அவள் சிரிப்பாள். யார் எப்போது எதைப் போட்டார்கள் என்று சொல்லாமல் போனால் இப்படித்தான், ஆயுசுக்கும் ஒரு ஆள் காலிப் பொட்டலத்துக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மருதையின் கை நின்றது. தடவிக்கொண்டு. அந்தப் பிள்ளை அதைத்தானே இப்போது கொட்டகையில் செய்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு மட்டுமில்லை, பெரியய்யா கையெழுத்துப் போட்டபின், ஊருக்குப் போனபின், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றபின், என்றைக்காவது உப்பு எடுக்கும்போதோ மருந்து அளக்கும்போதோ, தன் கையைத் தானே ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொள்ளும். இந்தக் கை மாறுகிற கை என்று. ஒப்பந்த வேலை போய்விடுமே என்றுதான் காலையிலிருந்து பயந்தது என்று நினைத்திருந்தான். அதில்லை. அவள் முகத்துக்குத்தான் பயந்தான். அவன் ரொட்டி தின்கிறபோது அடுப்பைப் பார்த்த அக்காவின் முகம். மிச்சமிருந்த தாளை வாரி அறுத்து, கட்டி, நம்பர் அட்டையைச் செருகினான். எழுந்தபோது முழங்கால் ரெண்டும் சொடுக்கு விட்டன. கீழே வளைவில், மஞ்சுக்குள், ஒரு வண்டி கியர் மாற்றும் சத்தம். ஜீப்பாகவும் இருக்கலாம், கேரட் லாரியாகவும் இருக்கலாம். அவன் நடந்தான், பிறகு அந்த ஆறடி உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கொட்டகைத் தரை முழுக்கப் பொட்டலங்கள். நடுவில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. பக்கத்தில் திறக்காத டப்பா.

"பாத்து வாங்கண்ணே, மிதிச்சிராதீங்க."

"நீ மாத்திக் கட்டலம்மா."

"என்னது?"

"இருபத்திமூணுல மணல்தான் இருந்திச்சி. நான்தான் போட்டேன். தனியா. மூட்டையிலருந்து அள்ளி." நின்று மூச்சு வாங்கினான். "வாடிக் கெடந்திச்சி. பாக்க முடியல."

அவள் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்திருந்தாள், அதை மெள்ள நாலாக மடித்தாள், திரும்ப விரித்தாள். "நான் மாத்திக் கட்டல" என்றாள், தனக்குத்தானே. இன்னொரு தரம் சொன்னாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள். "மூணு மாசம்ண்ணே. தினம் எதுத்தாப்புலதான நிக்கேன்? நாலு நாளா நான் சரியாச் சோறு திங்கல, ஒறங்கல. ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரலில் கோபம்தான் இருந்தது, நல்ல கோபம். மருதை அதை முழுசாக வாங்கிக்கொண்டான். திரும்பவில்லை, சுவரைப் பார்க்கவில்லை.

"வேற பாத்தியில?"

"இல்ல. சத்தியமாச் சொல்றேன், இல்ல."

"எத்தனை கை?"

"மூணு."

முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூலையிலிருந்த சின்னத் தராசை எடுத்து மேசைமேல் வைத்து, கண்ணாடிக் கிண்ணத்தை அதன்மேல் வைத்து, சுழியத்துக்குக் கொண்டுவந்தாள். யூரியா மூட்டையின் வாயை அவிழ்த்தாள். "அள்ளுங்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"ஒங்க கைக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும். அட்டவணையில அந்தக் கட்டத்துல கோடு போட்டுருவேன், அது செத்த பாத்தி, வராது, மத்த நாப்பத்தேழும் நிக்கும். ஆனா என்ன போட்டீங்கன்னு கீழ எழுதணும். அன்னைக்கு எப்படி அள்ளினீங்களோ அப்படி. கொறச்சு அள்ளாதீங்க."

குறைத்து அள்ளத்தான் நினைத்தான். விரலை இறுக்கி, கொஞ்சமாக. ஆனால் மூட்டைக்குள் போனதும் கை தானாகக் குழிந்து விரிந்துகொண்டது. ஐம்பத்தொரு கிராம். அவள் எழுதினாள். இரண்டாவது, நாற்பத்தெட்டு. "பத்துச் சதுர மீட்டருக்கு" என்று முணுமுணுத்துக் கணக்குப் போட்டாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு, வேண்டாம் வேண்டாமென்று அடக்கியும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. "மூணு கைக்கும் சேத்தா எக்டேருக்கு எழுபது கிலோ கிட்ட வருதுண்ணே. நாப்பதுக்கும் எண்பதுக்கும் நடுவுல. நாலு அளவு நான் வச்சேன், அஞ்சாவது நீங்க வச்சிருக்கீங்க."

வெளியே ஹாரன் அடித்தது. பெள்ளியக்கா யாருக்கோ வணக்கம் சொல்கிற சத்தம் கேட்டது. "அந்தக் கதிர்க்கட்ட என்ன செய்யம்மா, அறுத்தது?" என்று மருதை கேட்டான்.

"எடைக்கு வேணாம். எங் கணக்குல இல்ல அது. எடுத்துட்டுப் போயி ரொட்டி சுடுங்க." டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னாள், மூடியைத் திறந்தாள். "இன்னும் ஒரு கை இருக்கு. போடுங்க."

மூன்றாவது கையை அள்ளினான். ஜீப் கதவு சாத்துகிற சத்தம். ஓடிவந்த வேர்வையில் உள்ளங்கை நனைந்திருந்தது, குளிர் மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோய் விரித்தான். தராசின் எண்கள் ஓடி ஓடி நிற்கட்டுமென்று அவன் காத்திருக்கவில்லை. ஒட்டினதையும் தட்டிவிட்டு, பொட்டலங்களை மிதிக்காமல் கால் வைத்து, பெரியய்யா உள்ளே வருவதற்கு முன்னால் வாசலுக்குப் போனான். நிலைப்படிக்குக் குனிய வேண்டியிருந்தது. குனிந்து, நிமிர்ந்தான்.

"அய்யா" என்றான். "அந்தப் பிள்ளை சாப்பிடுது. நான் சொல்றேன்."